வாரம் ஒரு நீல மாத்திரை: எதற்குப் போதும், எதற்குப் போதாது?

கேள்வி:

ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். 164 பிள்ளைகள் படிக்கிறார்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. வியாழக்கிழமைதோறும் பெரிய பிள்ளைகளுக்கு நீல மாத்திரை, சின்னவர்களுக்கு ரோஸ் மாத்திரை. பாதி மாத்திரைகள் கழிவறைக்குப் பின்னால்தான் கிடக்கின்றன. "வயித்த வலிக்குதுங்கறா, வாந்தி எடுக்கறா, வெளிக்கி கறுப்பா போகுது" என்று தாய்மார்கள் சண்டைக்கு வருகிறார்கள். போன மாதம் நடமாடும் மருத்துவக் குழு வந்து 31 பேருக்கு "ரத்தம் குறைவு" என்று எழுதிவிட்டுப் போனது. ஏழாம் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 9.6. வயது 12, எடை 28 கிலோ, உயரம் 141 செ.மீ. எந்நேரமும் பெஞ்சில் தலைசாய்த்திருக்கிறாள், பல்பம் தின்கிறாள். அவள் அம்மா பேரீச்சம்பழ சிரப்பும் பீட்ரூட் சாறும் கொடுக்கிறாராம். தினமும் முட்டையோடு சத்துணவு சாப்பிடும் பிள்ளைக்கு எப்படி ரத்தம் குறையும்? மாத்திரையைத் தொடரலாமா, நிறுத்திவிடலாமா?

— ஓர் ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்:

அன்புள்ள டீச்சர்,

மற்ற கேள்விகளுக்கு முன்னால் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு வியாழக்கிழமை மாத்திரை போதாது. வாரம் ஒன்று என்பது ரத்தம் குறையாமல் காப்பதற்கான அளவு. குறைந்துவிட்ட பிள்ளைக்குத் தேவை சிகிச்சை, அதாவது தினமும் மாத்திரை, அதுவும் மாதக்கணக்கில். பல பள்ளிகளில் இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பிப்போகின்றன. "அதான் வாராவாரம் கொடுக்கறோமே" என்று சோகை வந்த பிள்ளையையும் அந்த வரிசையிலேயே நிறுத்திவிடுகிறோம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் எண் அப்படியே இருக்கிறது, மாத்திரையின் மேல் இருந்த நம்பிக்கையும் போய்விடுகிறது.

இந்த வாரமே அவளை அம்மாவோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். கையில் ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள்: வயது, எடை, உயரம், ஹீமோகுளோபின் 9.6, சோதித்த தேதி, பல்பம் தின்கிறாள் என்ற குறிப்பு, வயதுக்கு வந்துவிட்டாளா என்ற விவரம். "ரத்தம் கம்மியாம், டாக்டரைப் பாருங்க" என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பினால், கூலி வேலைக்குப் போகும் தாய் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து, ஒரு டானிக் பாட்டிலோடு திரும்பிப் போவார். சீட்டில் எண் இருந்தால் மருத்துவர் அதைத் தொடர்ந்தாக வேண்டும்.

அங்கே கேட்க வேண்டிய சோதனை முழு ரத்த அணுக்கள் எண்ணிக்கை. ஹீமோகுளோபினோடு சிவப்பணுக்களின் சராசரி அளவும் எண்ணிக்கையும் அதில் தெரியும். இரும்புக் குறைவில் சிவப்பணு சிறுத்துவிடும். பி12, ஃபோலேட் என்ற வைட்டமின்கள் குறைந்தால் பெருத்துவிடும். ஆனால் சிறுத்திருப்பதெல்லாம் இரும்புக் குறைவு இல்லை. ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோயான தலசீமியாவின் மரபுக்கூறு, பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருந்தாலும் சிவப்பணு சிறுத்திருக்கும், ஆனால் எண்ணிக்கை நிறைய இருக்கும். மருத்துவர்கள் போடும் எளிய கணக்கு இது: சராசரி அளவை எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அளவு 70, எண்ணிக்கை 4.1 என்றால் விடை 17. இரும்புக் குறைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அளவு 65, எண்ணிக்கை 5.4 என்றால் விடை 12. 13-க்குக் கீழே வந்தால் தலசீமியா மரபுக்கூறைச் சந்தேகிக்க வேண்டும். இது வழிகாட்டும் கணக்குதான். உறுதி செய்ய வேறு பரிசோதனை உண்டு. பிள்ளையின் குடும்பம் நீலகிரிப் பழங்குடிகளைச் சேர்ந்தது என்றால் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துவிடும் பரம்பரை நோயான கதிர் அரிவாள் அணுச் சோகையையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இரும்புக் குறைவுதான் என்று தெரிந்தால், 2018-இல் வந்த தேசிய ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தின் வழிகாட்டுதல்படி 10 முதல் 19 வயதுவரை தினம் 2 நீல மாத்திரை, 3 மாதம். ஒவ்வொன்றிலும் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. 5 முதல் 9 வயதுவரை எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு 3 மி.கி. வீதம் தினமும், 2 மாதம். உங்கள் மாணவி 28 கிலோதான். எடைக் கணக்கில் பார்த்தால் 84 மி.கி. வருகிறது, 2 மாத்திரை என்றால் 120 மி.கி. அதனால் அவளுக்கு எத்தனை என்பதை மருத்துவர் சீட்டில் எழுதித் தரட்டும், நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். தினசரி மாத்திரை ஓடும் காலத்தில் வியாழக்கிழமை மாத்திரை அவளுக்கு வேண்டாம். சிகிச்சை முடிந்ததும் அதற்குத் திரும்பலாம்.

மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் முதல் பத்து நாள் ஒழுங்காகப் போகும், பிறகு அட்டை டிவி மேல் கிடக்கும். திங்கள் முதல் வெள்ளி வரை மதிய உணவுக்குப் பிறகு உங்கள் கண் முன்னாலேயே விழுங்கட்டும். சனி, ஞாயிறுக்கு மட்டும் எண்ணி, அம்மாவின் கையில் கொடுங்கள். பின் ஒட்டிய ஒரு தாளில் தேதிக்கு ஒரு டிக். நாலு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கும்போது 1 கிராமாவது ஏறியிருக்க வேண்டும்: 9.6 இருந்தது 10.6. ஏறவில்லை என்றால் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான் காரணம்: மாத்திரை உள்ளே போகவில்லை, போனாலும் ரத்தம் வேறு வழியில் வெளியேறிக்கொண்டிருக்கிறது, அல்லது இது இரும்புக் குறைவே இல்லை. முதலாவதை உங்கள் டிக் தாள் சொல்லிவிடும். மற்ற இரண்டுக்கும் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பல்பம் தின்பதற்காக அவளைத் திட்ட வேண்டாம். சிலேட்டுக் குச்சி, சாக்பீஸ், பச்சரிசி, சுவர்க் காரை, அடுப்புச் சாம்பல், ஐஸ் என்று தேடித் தின்பது இரும்புக் குறைவோடு சேர்ந்து வருவது. கெட்ட பழக்கம் என்று கையில் அடிப்பதால் நிற்காது. இரும்பு ஏற ஏற, பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்த ஆசை தானாகவே அடங்கிவிடும். பெஞ்சில் தலைசாய்ப்பதும் அப்படித்தான். மூளைக்கும் தசைக்கும் போக வேண்டிய பிராணவாயுவை எடுத்துப்போகும் வண்டியே குறைந்துபோன பிள்ளை அவள். அவளை மந்தம், சோம்பேறி என்று எந்த ஆசிரியரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விளையாட்டுப் பாட வேளையில் ஓடச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம்.

வயதுக்கு வந்த பெண் என்றால் ஒரு கேள்வியைத் தனியாக அழைத்துக் கேளுங்கள். விலக்கு ஏழு நாளுக்கு மேல் நீள்கிறதா, ஒரு நாப்கின் இரண்டு மணி நேரத்துக்குள் நனைந்துவிடுகிறதா, கட்டிகட்டியாகப் போகிறதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் அதை அந்தத் துண்டுச் சீட்டில் சேருங்கள். வயதுக்கு வந்த முதல் ஒன்றிரண்டு வருடத்தில் அதிகப்படியாகப் போவது உண்டு. அம்மாவும் "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்று விட்டுவிடுவார். அதை நிறுத்தாமல் மாத்திரை மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது.

இனி மற்ற 30 பேர். "ரத்தம் குறைவு" என்ற இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஒவ்வொருவருக்கும் எண் வேண்டும், குழுவிடம் கேட்டு வாங்குங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்புப்படி 5 முதல் 11 வயதுவரை 11.5-க்குக் கீழே இருந்தால் சோகை. 12 முதல் 14 வரை 12-க்குக் கீழே. இரு வயதினருக்கும் 11-லிருந்து அந்த வரம்பு வரை லேசானது, 8 முதல் 10.9 வரை நடுத்தரம், 8-க்குக் கீழே கடுமையானது. கடுமையானவர் யாராவது பட்டியலில் இருந்தால் அடுத்த மாத முகாமுக்குக் காத்திருக்கக் கூடாது, மறுநாளே மருத்துவமனை. நடந்தாலே மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, முகமும் காலும் வீங்கியிருக்கிறது என்றால் அன்றைக்கே 108.

எண்ணைக் கேட்கும்போது எப்படி எடுத்தார்கள் என்றும் கேளுங்கள். விரல்நுனியில் குத்தி எடுக்கும் சோதனையில் தவறு எளிதாக நுழையும். நடுவிரலிலோ மோதிரவிரலிலோ, நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்த வேண்டும். முதலில் வரும் இரண்டு மூன்று சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்ததாகத் தானே திரண்டு வரும் பெரிய சொட்டைத்தான் எடுக்க வேண்டும். சொட்டு வரவில்லை என்று விரலைப் பிழிந்தால் ரத்தத்தோடு திசுநீரும் கலந்து எண் குறைந்து காட்டும். கை குளிர்ந்திருந்தால் ரத்தம் வராது, பிழிவார்கள்; அதனால் பிள்ளைகள் வெதுவெதுப்பான தண்ணீரில் கை கழுவி, துடைத்துவிட்டு வரிசையில் நிற்கட்டும். 11.2, 11.3 என்று விளிம்பில் நிற்கும் பிள்ளைகளுக்கு நரம்பிலிருந்து எடுத்து ஒரு முறை சரிபார்ப்பது நல்லது.

164-இல் 31 என்பது வியப்பான எண் இல்லை. 2016–18-இல் நடந்த தேசிய விரிவான ஊட்டச்சத்து ஆய்வு நரம்பு ரத்தத்தை வைத்துக் கணக்கெடுத்தது. 5–9 வயதில் 24 சதவீதம், 10–19 வயதில் 28 சதவீதம் பிள்ளைகளுக்குச் சோகை என்றது. வளரிளம் பருவத்தில் பையன்களுக்கு 18, பெண்களுக்கு 40. அதே ஆய்வில் 10–19 வயதினரில் 31 சதவீதத்தினருக்கு பி12 குறைவு, 37 சதவீதத்தினருக்கு ஃபோலேட் குறைவு. இரும்பு ஒன்றை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் போதாது என்பது இதனால்தான். பால், முட்டை, மீன், கறி எதுவும் எட்டிப்பார்க்காத வீட்டுப் பிள்ளைக்கு வீட்டுச் சாப்பாட்டில் பி12 வரும் வழியே இல்லை.

மாத்திரை கழிவறைக்குப் பின்னால் போவதற்குக் காரணம் பிள்ளைகளின் அடம் இல்லை, கொடுக்கும் முறைதான். உங்கள் பள்ளியில் எத்தனை மணிக்குக் கொடுக்கிறீர்கள் என்று எழுதவில்லை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் கொடுக்கும் பள்ளிகள் இருக்கின்றன. காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறு, ஏழு, எட்டில் படிக்கும் பிள்ளை ஒரு டம்ளர் டீயும் இரண்டு வறுக்கியுமாகத்தான் வந்திருக்கும். அந்த வெறும் வயிற்றில் இரும்பு விழுந்தால் குமட்டும், வயிறு பிசையும். ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் அதைப் பார்த்த பத்துப் பேருக்கும் குமட்டும். அடுத்த வாரம் மாத்திரை என்றாலே கை பின்னால் போகும்.

மதியச் சாப்பாட்டுக்கு மாற்றிவிடுங்கள். சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவப் போகும் இடத்துக்கு முன்னால் ஒரு மேஜை, ஒரு குடம் குடிநீர், டம்ளர்கள். வகுப்பு வகுப்பாக வரட்டும், எல்லோரும் ஒரே நேரத்தில் வேண்டாம். அட்டையிலிருந்து நீங்களே ஒரு மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையில் வையுங்கள். வாயில் போட்டு முழு டம்ளர் தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் தட்டோடு நகர வேண்டும். கடித்தால் சர்க்கரைப் பூச்சு போய் வாயெல்லாம் இரும்புக் கசப்பு. பல்லிலும் கறை படியும். பாலோடும் டீயோடும் வேண்டவே வேண்டாம். முதல் மாத்திரையை அவர்கள் முன்னால் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். ஆசிரியர்களும் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்பதுதான் திட்டத்தின் யோசனையும். ஊர்க் கூட்டத்தில் பேசுவதைவிட, டீச்சரும் விழுங்கினார் என்று பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லும் ஒரு வரி அதிகம் வேலை செய்யும்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளைக்கு அந்த வாரம் விட்டுவிடுங்கள். காய்ச்சலின்போது குடல் இரும்பை உள்ளே விடாமல் உடம்பே கதவைச் சாத்திக்கொள்ளும். விழுங்கியதும் வாந்தி எடுத்தாலும் அன்றைக்கு மறுபடி வேண்டாம், அடுத்த வாரம் பார்க்கலாம். தலசீமியா நோய்க்காகவோ கதிர் அரிவாள் அணுச் சோகைக்காகவோ ரத்தம் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைக்கு, மருத்துவர் சொல்லாமல் ஒரு மாத்திரைகூடக் கொடுக்கக் கூடாது. அவர்கள் உடம்பில் ஏற்கெனவே இரும்பு மிஞ்சியிருக்கும்.

கறுப்பாக வெளிக்கிப் போவதை முதல் நாளே சொல்லிவிட்டால் சண்டை வராது. "மாத்திரையில இருக்கற இரும்புல உடம்பு எடுத்துக்கிட்டது போக மீதி அப்படித்தாம்மா வெளியேறும், ஒண்ணும் பயமில்ல" என்று பெற்றோர் கூட்டத்தில் நேராகச் சொல்லுங்கள். இரும்பு மாத்திரையே சாப்பிடாத பிள்ளைக்குத் தார் மாதிரிக் கறுத்து, ஒட்டிக்கொண்டு, நாற்றத்தோடு போனால் அது வேறு. அது குடலில் ரத்தக் கசிவாக இருக்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். மாத்திரை அட்டை எந்தப் பிள்ளையின் கைக்கும் போகக் கூடாது. வகுப்புத் தலைவன் கைக்கும் கூடாது. 2023 மார்ச்சில் உதகமண்டலத்தில் பள்ளிப் பிள்ளைகள் சிலர் போட்டி போட்டுக்கொண்டு இந்தச் சத்து மாத்திரைகளை அளவுக்கு மேல் விழுங்க, 13 வயதுப் பெண் ஒருத்தி இறந்தே போனாள். சத்து மாத்திரைதானே, கூடப் போனால் என்ன என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்: எடையில் கிலோவுக்கு 20 மி.கி. இரும்பைத் தாண்டினாலே நஞ்சின் அறிகுறி தொடங்கும், 60 மி.கி.-யைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. வீட்டில் தவழும் 10 கிலோக் குழந்தை நாலு நீல மாத்திரையைத் தின்றாலே மருத்துவமனை, பத்து தின்றால் உயிருக்கே ஆபத்து. இனிப்புப் பூச்சும் மின்னும் நிறமும் மிட்டாய் மாதிரியே இருப்பதுதான் சிக்கல். இரும்பு நஞ்சில் இன்னொரு ஏமாற்று வேலையும் உண்டு. முதல் சில மணி நேரம் வாந்தியும் வயிற்றுப்போக்கும் இருந்து, பிறகு பிள்ளை தேறிவிட்ட மாதிரி தெரியும். அந்த நேரத்தில்தான் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். தேறிவிட்டான் என்று வீட்டுக்கு அழைத்துப்போனால் பிள்ளை கை நழுவிவிடும். எத்தனை விழுங்கினான் என்று தெரியாவிட்டாலும் காலி அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். கோடை விடுமுறைக்கான மாத்திரைகளைப் பிள்ளைகள் பையில் போட்டு அனுப்பாமல், தாய்மாரை வரவழைத்து அவர்கள் கையில் கொடுத்து, எட்டாத உயரத்தில் வைக்கச் சொல்வதும் இதனால்தான். பள்ளியில் பூட்டிய பீரோவில் இருக்கட்டும், சத்துணவுக் கூடத்துச் சூட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம். நிறம் மங்கியது, பூச்சு உரிந்தது, காலாவதித் தேதி தாண்டியது எல்லாம் சுகாதார நிலையத்துக்கே திரும்பட்டும்.

சத்துணவும் முட்டையும் சாப்பிட்டும் ஏன் குறைகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. 1956-இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் முதலில் பசியை எதிர்த்து வந்தவை. அந்த வேலையை அவை செய்கின்றன. ஆறு முதல் எட்டு வகுப்புக்கான தேசிய அளவு 150 கிராம் தானியம், 30 கிராம் பருப்பு, 75 கிராம் காய், 700 கலோரி. 10–12 வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவை 2,060 கலோரி. ஆக மூன்றில் ஒரு பங்கு வந்துவிட்டது, மிச்சம் வீட்டில் கிடைக்க வேண்டும். இரும்பின் கதை இதைவிடக் கடினம். அந்த வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 28 மி.கி. தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். தீட்டிய வெள்ளரிசி 150 கிராமில் இருப்பது 1 மி.கி. முட்டையில் 1 மி.கி.-க்கும் கொஞ்சம் குறைவு, அதிலும் மஞ்சள் கருவில் உள்ள ஒரு புரதம் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. முட்டை புரதத்துக்கும் பி12-க்கும் அருமையான உணவு, ஒரு நாளும் விடக் கூடாது. ஆனால் இரும்புக்கு அதை நம்ப முடியாது.

செறிவூட்டப்பட்ட அரிசி வரும் பள்ளி என்றால் அது இங்கே உதவும். அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து அரிசி வடிவிலேயே பிழிந்தெடுத்த மணிகளை 100-க்கு 1 என்று சாதாரண அரிசியில் கலக்கிறார்கள். கிலோவுக்கு 28 முதல் 42.5 மி.கி. இரும்பு. 150 கிராம் சோற்றரிசியில் 4 முதல் 6 மி.கி. வந்துவிடும். முறத்தில் புடைக்கும்போது கொஞ்சம் நிறம் மாறித் தெரியும் மணிகளைப் பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறியும் சமையலர்கள் இருக்கிறார்கள். தண்ணீரில் மிதப்பதைக் கழுநீரோடு ஊற்றிவிடுவதும் உண்டு. எறிவது அத்தனையும் பிள்ளைக்கு வந்த சத்து. சத்துணவு அமைப்பாளரிடமும் சமையலரிடமும் ஒரு கைப்பிடி அரிசியைத் தட்டில் பரப்பி அந்த மணியைக் காட்டி, இது இன்னது என்று சொல்லிவிடுங்கள். இரண்டு முறைக்கு மேல் அலச வேண்டாம்.

கீரை, பருப்பு, தானியத்தில் உள்ள இரும்பில் மிகச் சிறு பங்குதான் உடம்பில் சேரும். ஈரல், கறியில் உள்ளது பல மடங்கு கூடுதலாகச் சேரும். அதனால் இரும்பு அதிகமுள்ள கீரை எது என்று தேடுவதைவிட, அதோடு எதைச் சேர்க்கிறோம், எதைத் தள்ளுகிறோம் என்பதில் கவனம் வைத்தால் அதிகம் கிடைக்கும். வைட்டமின் சி கூட இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும், ஆனால் அது சூட்டில் அழிந்துவிடும். எலுமிச்சை சாதத்துக்கு நம் வீடுகளில் அடுப்பை அணைத்த பிறகுதான் பழம் பிழிவார்கள், இல்லாவிட்டால் கசக்கும் என்பார்கள். அதே வழக்கத்தை முருங்கைக்கீரைப் பொரியலுக்கும் பயறு சுண்டலுக்கும் கொண்டுவாருங்கள்: இறக்கி வைத்து, பரிமாறும்போது பிழிய வேண்டும். கொய்யாப்பழம் பாதி, அல்லது ஒரு நெல்லிக்காய், சாப்பாட்டோடு. 100 கிராம் கொய்யாவில் 200 மி.கி. அளவுக்கு வைட்டமின் சி உண்டு. ஆப்பிள் பக்கத்திலேயே வர முடியாது. பாசிப்பயறை முளைகட்டுவதும், கம்பங்கூழை முதல் நாள் இரவே கரைத்துப் புளிக்கவைப்பதும் இரும்பைக் கட்டிவைக்கும் பைட்டேட்டைக் குறைக்கின்றன. கம்பில் 100 கிராமுக்கு 6 மி.கி.-க்கு மேல் இரும்பு, கேழ்வரகில் நாலரை. கறி சாப்பிடும் வீடு என்றால் ஆட்டு ஈரல், சுவரொட்டி எனப்படும் மண்ணீரல், ரத்தப் பொரியல். மெலிந்த பிள்ளைக்குச் சுவரொட்டியைச் சுட்டுக் கொடுக்கும் பாட்டிமார்கள் சரியாகத்தான் செய்தார்கள், மண்ணீரலில் இரும்பு மண்டிக் கிடக்கும். நன்றாக வேக வேண்டும், அவ்வளவுதான்.

தள்ள வேண்டியது டீ. சாப்பாட்டோடு குடிக்கும் ஒரு டம்ளர் டீ, அந்தச் சாப்பாட்டு இரும்பில் சேரக்கூடியதைப் பாதிக்கு மேல் தடுத்துவிடும். டீயை நிறுத்தச் சொன்னால் எந்த வீட்டிலும் நடக்காது. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒன்றரை மணி நேரம் விடுங்கள் என்று சொன்னால் நடக்கும்.

அந்தத் தாய் பீட்ரூட் சாறு கொடுப்பது பாசத்தால். அவரைக் குறை சொல்லாமல் கணக்கை மட்டும் சொல்லுங்கள். பீட்ரூட்டின் சிவப்புக்கும் ரத்தத்தின் சிவப்புக்கும் சம்பந்தமே இல்லை. 100 கிராமில் 1 மி.கி. இரும்பு கிடையாது. மாதுளையில் அதைவிடக் குறைவு. நாலைந்து பேரீச்சம்பழத்தில் 2 மி.கி. தேறுவதே கடினம். இலவசமாகக் கிடைக்கும் நீல மாத்திரையில் 60. சிரப்புக்குப் போகும் காசில் வாரம் ஒரு முறை கால் கிலோ ஈரலோ, தினம் ஒரு கொய்யாவோ வாங்கினால் பிள்ளைக்குப் பயன்.

பூச்சி மாத்திரையையும் விட்டுவிடாதீர்கள். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தேசியக் குடற்புழு நீக்க நாளன்று அல்பெண்டசோல் 400 மி.கி. கொடுக்கிறார்கள். இதை விழுங்கக் கூடாது, கடித்து மென்று சாப்பிட வேண்டும். சத்து மாத்திரைக்கு நேர் எதிர் என்பதால் பிள்ளைகள் குழம்புவார்கள். கொக்கிப்புழு குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு நாள்தோறும் ரத்தம் உறிஞ்சும்; உள்ளே நுழைவது வெறுங்காலின் தோல் வழியாக. அந்த 31 பேரில் செருப்பில்லாமல் வருபவர்கள் எத்தனை, திறந்தவெளிக்குப் போகும் வீடுகள் எத்தனை என்று ஒரு முறை பாருங்கள். விடுபட்ட பிள்ளைகளுக்கு ஒரு வாரத்தில் மறுபடி கொடுக்கும் நாள் உண்டு, அன்றைக்குப் பிடித்துவிடுங்கள்.

கடைசியாக அவள் எடை. 28 கிலோவை 1.41 மீட்டரின் வர்க்கத்தால் வகுத்தால் 14.1 வருகிறது. 12 வயதுப் பெண்ணுக்கு இது 14.4-க்குக் கீழே போனால் மெலிவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணை. நடுத்தர அளவு 18. உயரம் அந்த வயதுக்கான கீழ் வரம்பான சுமார் 138 செ.மீ.-க்கு மேலேதான் இருக்கிறது. ஆக இது இப்போதைய சாப்பாட்டுக் குறைவு, சரிசெய்யக்கூடியது. இரும்பு மட்டும் ஏற்றினால் பசி எடுக்கத் தொடங்கும், அப்போது தட்டில் சோறு இருக்க வேண்டும். காலையில் என்ன சாப்பிட்டாள், இரவு எத்தனை மணிக்கு, என்ன என்று மூன்று நாள் விசாரியுங்கள். காலை உணவுத் திட்டத்தில் மீதமிருக்கும் நாட்களில் அவளையும் உட்கார வைக்கத் தலைமையாசிரியரால் முடியுமா என்று கேளுங்கள். சத்துணவில் இரண்டாம் முறை போடச் சொல்லிச் சமையலரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். வீட்டில் இரவுச் சோற்றோடு ஒரு கை வேர்க்கடலையும் ஒரு கரண்டி எண்ணெயும் கூடுவது பெரிய செலவில்லை.

மாதம் ஒரு முறை, ஒரே தராசில், செருப்பும் பையும் இல்லாமல் எடை பாருங்கள். தொடர்ந்து இரண்டு மாதம் ஏறாவிட்டால், அல்லது இருமலும் மாலைக் காய்ச்சலும் சேர்ந்திருந்தால், காசநோய்க்கும் சோதிக்க வேண்டும். அதைச் சீட்டில் எழுதி அனுப்புங்கள். ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்டதும் "சரியாயிடுச்சு" என்று மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அது ரத்தத்தில் நிரம்பிய இரும்புதான், உடம்பின் சேமிப்பு இன்னும் காலியாகவே இருக்கும். எண் சரியான பிறகும் இரண்டு மாதமாவது மருத்துவர் தொடரச் சொல்லக்கூடும், கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் மறுசோதனைக்கான தேதியை, மாத்திரை தொடங்கும் அன்றே வகுப்பறைக் காலண்டரில் வட்டமிட்டுவிடுங்கள்.